ரோமானியக் கண்ணாடிக் குப்பி: ஆயிரம் பவுண்டுக்குள் எதை வாங்கலாம்?

ரோம் நகரில் ஒரு செப்புக்காசு கொடுத்தால் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று வாங்கிவிடலாம் என்று ஸ்ட்ராபோ என்ற கிரேக்கப் புவியியலாளர் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்தார். அந்தக் காலத்துக் கண்ணாடி இன்று லண்டன் ஏலங்களில் 150 பவுண்டுக்கும் போகிறது, 15,000 பவுண்டுக்கும் போகிறது. உச்சம் என்று பார்த்தால், கான்ஸ்டபிள்-மேக்ஸ்வெல் கோப்பை என்று பெயர்பெற்ற, சுற்றிலும் வலைபோலக் குடைந்தெடுத்த வலைக்கூட்டுக் கோப்பை 2004இல் பான்ஹாம்ஸ் ஏலத்தில் 26 லட்சம் பவுண்டைத் தாண்டியது. அதெல்லாம் நம் எல்லைக்கு வெளியே. கையில் சுமார் 1,000 பவுண்டு இருக்கிறது, ஊதிச் செய்த ரோமானியக் கண்ணாடி ஒன்றாவது வீட்டில் இருக்கவேண்டும் என்று ஆசை. எதை எடுப்பது, எதை விடுவது?

இந்தத் தொகைக்கு ஐந்தாறு வழிகள் உண்டு. விற்பவர்கள் பெரும்பாலும் முதலில் நீட்டுவது வானவில் நிறத்தில் மினுங்கும் குடுவையைத்தான். என் வரிசையில் கடைசியில் நிற்பதும் அதுதான். காரணம் கொஞ்சம் நீளமானது, வருகிறேன்.

அதற்கு முன், இந்தப் பொருள் இவ்வளவு எளிதாகக் கிடைப்பது ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது. கி.மு. 1ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கண்ணாடிப் பாத்திரம் வசதியானவர்களின் பொருள். களிமண் கருவின் மேல் உருகிய கண்ணாடியைச் சுற்றியோ, அச்சில் வளைத்தோ செய்தார்கள். நேரம் பிடிக்கும் வேலை. பிறகு சிரியா, பாலஸ்தீனப் பகுதியில் யாரோ காற்றை ஊதிப் பார்த்தார்கள். ஜெருசலேமின் யூதக் குடியிருப்பில் நாமன் அவிகாத் நடத்திய அகழாய்வில், பழைய சடங்குக் குளம் ஒன்றில் கொட்டியிருந்த பட்டறைக் கழிவு கிடைத்தது. அதில் ஒரு முனையைக் கிள்ளி மூடி மறுமுனையில் ஊதிய கண்ணாடிக் குழாய்கள் இருந்தன. ஊதல் என்ற தொழிலின் ஆரம்பப் படிக்கட்டு அது. அப்புறம் இரும்பு ஊதுகுழல் வந்தது, சிறு குப்பி நிமிடக்கணக்கில் முடிந்தது, விலை சரிந்தது. இன்றைய லெபனானில் உள்ள சைடன் முதல் ரைன் நதிக்கரையின் கொலோன் வரை பட்டறைகள் முளைத்தன.

மலிவாக இருந்ததால் எண்ணிக்கை பெருகியது, சரி. உடையாமல் வந்ததற்குக் காரணம் வேறு. வீட்டில் புழங்கியவை உடைந்தன. உடைந்ததைச் சேர்த்து மறுபடி உருக்கினார்கள். முழுசாக நம் காலம் வரை தப்பி வந்தவற்றில் பெரும்பாலானவை இறந்தவரோடு கல்லறைக்குள் வைத்தவை. ஏலப் பட்டியலில் “முழுமையானது, சேதமில்லை” என்று படிக்கும்போது, எங்கோ ஒரு கல்லறை திறக்கப்பட்டிருக்கிறது என்றும் சேர்த்துப் படிக்கவேண்டும். அதை எப்போது, யார் திறந்தார்கள் என்பதில்தான் வாங்குபவரின் சிக்கல் முழுவதும் இருக்கிறது.

வானவில் குடுவை

8 முதல் 15 சென்டிமீட்டர் உயரம், உருண்டை வயிறு, புனல்போல விரிந்த வாய். மேலெல்லாம் ஊதா, பச்சை, பொன் நிறங்கள் கலந்து மயில்கழுத்து நிறத்தில் பளபளக்கும். படத்தில் அசத்தும். நிறம் எந்த அளவுக்கு ஆழமோ அந்த அளவுக்கு விலை ஏறும்.

இந்த நிறம் கண்ணாடிக்காரர் செய்ததல்ல. ரோமானியக் கண்ணாடி மணல், சுண்ணாம்பு, எகிப்தின் வாடி நத்ருன் பகுதியிலிருந்து வந்த நேட்ரான் என்ற சோடா உப்பு ஆகியவற்றின் கலவை. மண்ணுக்கடியில் நூற்றாண்டுக்கணக்கில் ஈரம் பட்டதும் அந்தச் சோடா கரைந்து வெளியேறுகிறது. மேற்பரப்பு வெங்காயத் தோல்போல மெல்லிய அடுக்குகளாகப் பிரிகிறது. அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று மோதி நிறம் காட்டுகிறது. ஆக, நாம் கூடுதல் காசு கொடுத்து வாங்குவது கண்ணாடியின் அரிப்பை.

இதில் எனக்கு இரண்டு மனத்தடை. முதலாவது ரசனை சார்ந்தது. நிறமே இல்லாத, படிகம்போலத் தெளிந்த கண்ணாடியைத்தான் மிக உயர்வாக மதிக்கிறார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதுகிறார். சாதாரணக் குப்பிகள், மணலில் இருந்த இரும்பினால், வெளிர்நீலம் கலந்த பச்சையாக இருந்தன. வானவில்லை அதைச் செய்தவரும் பார்த்ததில்லை, வாங்கியவரும் பார்த்ததில்லை. 19ஆம் நூற்றாண்டுச் சேகரிப்பாளர்களுக்குத்தான் அதில் பித்து பிடித்தது. அமெரிக்காவில் லூயி கம்ஃபர்ட் டிஃபனி அந்த மினுக்கத்தைப் பார்த்துத்தான் 1890களில் தன் ஃபாவ்ரில் கண்ணாடியை உருவாக்கினார். அழகு இல்லை என்று சொல்லவில்லை. ரோமைப் பார்க்க விரும்புகிறவருக்கு அது ஒரு திரை.

இரண்டாவது நடைமுறை. இந்த அடுக்குகள் உதிரும். உதிரும் ஒவ்வொரு செதிலும் பழைய மேற்பரப்பின் ஒரு துண்டு. சென்னை மாதிரி ஊரில் பகலில் கடற்கரை ஈரம், இரவில் குளிர்சாதனத்தின் வறட்சி என்று மாறி மாறி அடித்தால் உதிர்வது இன்னும் வேகமாகும். ஐந்து வருடம் கழித்து அலமாரித் தட்டில் மினுமினுப்பான தூசி கிடக்கும்.

போலிக்காரர்களுக்கும் இந்த நிறம்தான் பிடித்தமானது. சூடான கண்ணாடியின் மேல் வெள்ளீய உப்பின் புகையைப் படியவிட்டால் சில நொடிகளில் வானவில் கிடைக்கும். உண்மையான அரிப்பு ஒரே சீராக இருக்காது. ஒரு பக்கம் தடிமனாக, ஒரு பக்கம் இல்லாமலே, வேர் ஓடிய தடத்தோடு, குழிகளுக்குள் இறங்கிக் கிடக்கும். உள்பக்கமும் அரித்திருக்கும், பெரும்பாலும் வெளிப்பக்கத்திலிருந்து வேறு மாதிரியாக. போலியில் நிறம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்கும், சில்லு பெயர்ந்த இடத்தில்கூட. கழுத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே புத்தம்புதுக் கண்ணாடி பல்லிளிக்கும். உள்ளே கொஞ்சம் மண் இருப்பதைச் சான்றாகக் காட்டினால் மயங்கவேண்டாம். மண்ணைப் பசையில் குழைத்துத் திணிப்பது பழைய வித்தை.

தைலக் குப்பி

அடுத்தது எல்லோரும் தாண்டிப் போகும் வகை. நீளக் கழுத்து, அடியில் சின்னதாக வயிறு, வெளிர்பச்சை நிறம். நறுமணத் தைலமும் மருந்தெண்ணெயும் வைத்தவை. 1ஆம் நூற்றாண்டில் சோதனைக் குழாய் மாதிரி ஒல்லியாக இருந்தன. 2, 3ஆம் நூற்றாண்டுகளில் அடி பரந்து மெழுகுவர்த்தித் தண்டின் வடிவத்துக்கு வந்தன. இணையக் கடைகளில் இதைக் கண்ணீர்க்குப்பி என்று விற்கிறார்கள், துக்கம் கொண்டாடியவர்கள் கண்ணீரைப் பிடித்து வைத்ததாக ஒரு கதையோடு. அந்தக் கதையைச் சொல்லும் கடையில் மற்ற விவரங்களையும் ஒன்றுக்கு இரண்டு முறை சரிபாருங்கள்.

நல்ல நிலையில் 100 முதல் 300 பவுண்டுக்குக் கிடைக்கும். ஆயிரத்தில் மிச்சப்படும் காசு அல்ல இதன் லாபம். இந்த விலையில் பழைய சேகரிப்பின் ஒட்டுச்சீட்டோடு வரும் குப்பியைத் தேர்ந்தெடுக்க முடிகிறது. 400, 500 கொடுத்தால் யார் யார் கையில் இருந்தது என்று எழுத்து வடிவில் பல பத்தாண்டு வரலாறு உள்ளதே கிடைக்கலாம். அதே வரலாறு ஒரு பெரிய கூஜாவுக்கு இருந்தால் விலை பல மடங்கு.

ஊதலின் தடயத்தைப் படிக்கவும் இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. கழுத்தில் உள்ள காற்றுக் குமிழிகள் நீள்வட்டமாக, இழுத்த திசையில் நீண்டு நிற்கும். உடம்பில் லேசான சுழல் கோடுகள் தெரியும். வாய்விளிம்பை உள்பக்கமாக மடித்திருப்பார்கள், அல்லது நெருப்பில் காட்டி மழுக்கியிருப்பார்கள். அடியில் சொரசொரப்பான வட்டத் தழும்பு இருந்தால், வாயைச் செய்து முடிக்கும்வரை குப்பியை இன்னொரு கம்பியில் ஒட்டிப் பிடித்திருந்தார்கள் என்று அர்த்தம். அந்தப் பழக்கம் கி.பி. 1ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பரவியது. கையில் எடுத்தால் எடையே தெரியாது. சுவர் பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர்தான். கனமாக, தடித்த அடியோடு வரும் ‘தைலக் குப்பி’யை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

குறை என்ன? கண்ணைப் பறிக்காது. விருந்தாளி வந்தால் நீங்கள்தான் எடுத்துக் காட்டவேண்டும்.

ஒட்டுப்போட்ட கூஜா

ஆயிரத்துக்குள் பெரிய பொருள் வேண்டுமென்றால் உடைந்து ஒட்டியதுதான். 20 சென்டிமீட்டருக்கு மேல் உயரம், ரிப்பன்போல மடிந்து ஒட்டிய கைப்பிடி, வாயைச் சுற்றி நீலக் கண்ணாடி இழை. முழுசாக இருந்தால் பல ஆயிரம் போகக்கூடிய பொருள், ஒட்டு இருப்பதால் கைக்கு எட்டுகிறது.

இதை ஒதுக்கக் கூடாது என்பது என் கட்சி. கைப்பிடியைக் கவனித்துப் பாருங்கள். சூடான கண்ணாடிக் கட்டியைத் தோளில் பதித்து, ஒரே இழுப்பில் வாய்வரை கொண்டுபோய், மடித்து அழுத்தித் துண்டித்திருப்பார் அந்த ஆள். கை எங்கே வேகமாகப் போனது, எங்கே நின்றது என்பது அப்படியே உறைந்து நிற்கும். தைலக் குப்பியில் இந்த அனுபவம் கிடைக்காது.

ஆனால் ஒட்டு எவ்வளவு, நிரப்பு எவ்வளவு என்று தெரியாமல் கைவைக்கக் கூடாது. உடைந்த துண்டுகளைச் சேர்ப்பது ஒன்று. இல்லாத இடத்தை ரெசினால் நிரப்பி நிறம் தீட்டுவது இன்னொன்று. புறஊதா விளக்கு ஒன்றை இருட்டறையில் பிடித்தால் பெரும்பாலான பசைகளும் ரெசின்களும் கண்ணாடியிலிருந்து வேறு நிறத்தில் ஒளிரும். நேரில் போக முடியாதவர் விற்பவரிடம் அந்த விளக்கின்கீழ் எடுத்த படத்தைக் கேட்கலாம். தயங்காமல் அனுப்புகிறவர் நல்ல வியாபாரி. பாராலாய்டு பி-72 போன்ற, அசிட்டோனில் கரையும் பசையால் ஒட்டியிருந்தால் பிற்காலத்தில் பிரித்து மறுபடி ஒட்டலாம். எபாக்ஸி என்றால் பிரிப்பது பெரும்பாடு, வருடம் போகப்போக மஞ்சளாகவும் மாறலாம். இரண்டு வேறு பாத்திரங்களின் கழுத்தையும் உடம்பையும் சேர்த்து ஒன்றாக்கி விற்பதும் உண்டு. கழுத்தின் நிறமும் அரிப்பும் உடம்போடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டால் அது பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

என் கணக்கு இதுதான்: நிரப்பு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்து, வாயும் கைப்பிடியும் அசலாக இருந்தால் வாங்கலாம். அவை நிரப்பு என்றால் மீதி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

அச்சில் ஊதியவை

கண்ணாடியை அச்சுக்குள் வைத்து ஊதும் முறை கி.பி. 1ஆம் நூற்றாண்டில் வந்தது. இந்தக் கலையின் நாயகன் என்னியோன். சைடன் பகுதியைச் சேர்ந்தவர் என்று கருதப்படுகிறார். தன் பெயரைக் கிரேக்க எழுத்தில் பாத்திரத்தின் மேலேயே அச்சாக்கினார். சிலவற்றில் “வாங்குபவர் நினைவுகூரப்படுவாராக” என்றும் ஒரு வரி உண்டு. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய விளம்பரம், ஆனால் என்ன மரியாதையான விளம்பரம்! என்னியோன் பாத்திரங்களை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2014, 15இல் ஒன்றுசேர்த்துக் காட்டியது. விலைக்கு வந்தால் அருங்காட்சியகங்களோடுதான் போட்டி போடவேண்டும்.

நம் எல்லைக்குப் பக்கத்தில் வருவது பேரீச்சம்பழக் குப்பி. உலர்ந்த பழத்தின் சுருக்கம் முதற்கொண்டு அச்சில் எடுத்து, தேன் நிறக் கண்ணாடியில் ஊதியது, கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரியது. பார்த்தவுடன் சிரிப்பு வரும் பொருள் இது. நல்லதாக இருந்தால் ஆயிரத்தைத் தாண்டிவிடும், விளிம்பு உடைந்தது உள்ளே வரும். மனித முகம் கொண்ட குப்பிகளும் திராட்சைக்குலைக் குப்பிகளும் இன்னும் மேலே. சிக்கல் என்னவென்றால் அச்சு வேலையைப் போலி செய்வது எளிது. ஓர் அசலிலிருந்து அச்செடுத்தால் நூறு ஊதலாம். அதனால் இந்த வகையை இணையத்தில் படம் பார்த்து வாங்குவதை அறவே தவிர்ப்பேன். கையில் எடுத்து, அச்சின் இரு பாதிகள் சேரும் கோட்டையும் விவரங்களின் கூர்மையையும் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. அசலிலிருந்து எடுத்த அச்சில் ஊதினால் சுருக்கங்கள் மழுங்கும்.

இரட்டை மைக்குழாய்

என் மனம் இழுப்பது இந்தப் பக்கம். சுமார் 4 முதல் 6ஆம் நூற்றாண்டு வரை சிரியா, பாலஸ்தீனப் பகுதியில் செய்தவை. இரண்டு குழாய்கள் ஒட்டினாற்போல நிற்கும், கண்ணுக்குத் தீட்டும் மை வைப்பதற்கு. சிலவற்றில் மை எடுக்கும் உலோகக் குச்சி உள்ளேயே சிக்கிக் கிடக்கிறது. மேலே கூடைப்பிடி மாதிரி ஒரு வளைவு, உடம்பைச் சுற்றி நூல்போலக் கண்ணாடி இழை. ஆடம்பரமான சிலவற்றில் பிடிக்கு மேல் பிடி என்று மூன்று அடுக்குக் கோபுரமே கட்டியிருப்பார்கள். கொஞ்சம் மையை எடுக்க அதற்குள் குச்சியை நுழைப்பதே சிரமமாக இருந்திருக்கும்!

எளிய வகை 300 முதல் 800 பவுண்டுக்குள் வருகிறது. இதில் ஊதல் இருக்கிறது, இழைசுற்றல் இருக்கிறது, பிடி இழுத்த கைவேகம் இருக்கிறது. தைலக் குப்பியின் விலைக்கு அருகில், கூஜாவின் வேலைப்பாடு. இந்த வடிவத்தின் புழக்கம் கிழக்கு மத்தியத்தரைக் கடல் ஓரமாகவே இருந்ததால், எந்தப் பகுதிப் பொருள் என்பதிலும் குழப்பம் குறைவு. ஆனால் அதே காரணத்தால் ஆவண விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அது சிரியாவிலிருந்து வந்திருக்கலாம் அல்லவா.

தாள்தான் பாதி விலை

2011க்குப் பிறகு சிரியாவில் நடந்த சூறையாடலுக்கு அபமேயா பெரிய உதாரணம். அந்த ரோமானிய நகரம் முழுக்கக் குழி குழியாகத் தோண்டப்பட்டது செயற்கைக்கோள் படங்களில் தெரிந்தது. 2015 பிப்ரவரியில் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 2199ஆம் தீர்மானம், 2011 மார்ச் 15க்குப் பிறகு சிரியாவிலிருந்து சட்டவிரோதமாக வெளியேறிய தொல்பொருள்களின் வணிகத்தைத் தடுக்கும்படி நாடுகளுக்குச் சொன்னது. ஈராக்குக்கு அந்தக் கெடு 1990 ஆகஸ்ட் 6. ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி சட்டைப்பையில் அடங்கிவிடும். எல்லை தாண்டுவது எவ்வளவு சுலபம் என்று சொல்லவேண்டியதில்லை.

அதனால் “ஜெர்மனித் தனியார் சேகரிப்பு, 1980கள்” என்று ஒரே வரி எழுதியிருந்தால், அதை வரலாறு என்று நான் எண்ணமாட்டேன். பெயர் இல்லை, தாள் இல்லை, சரிபார்க்க வழியில்லை. எனக்குத் தேவை தேதியிட்ட ரசீது, அல்லது பழைய ஏலப் பட்டியலில் இதே குப்பியின் படம், அல்லது சேகரித்தவர் கைப்பட எழுதிய எண்ணும் அந்த எண் உள்ள பதிவேடும். கலாசாரப் பொருள்களின் சட்டவிரோத வணிகத்தைத் தடுக்க 1970இல் வந்த யுனெஸ்கோ உடன்படிக்கைக்கு முன்பே கல்லறையை விட்டு வெளியே வந்துவிட்டது என்று காட்டும் தாள் இருந்தால் அதற்குக் கூடுதல் விலை கொடுப்பதில் தவறில்லை. பிற்காலத்தில் விற்கவேண்டி வந்தாலும் அந்தத் தாள்தான் விற்கும்.

ஆர்ட் லாஸ் ரெஜிஸ்டர் சான்றிதழ் இருக்கிறது என்று சிலர் பெருமையாகக் காட்டுவார்கள். இருப்பது நல்லதுதான். ஆனால் அது சொல்வது, இந்தப் பொருள் திருட்டுப் பட்டியலில் பதிவாகவில்லை என்பதை மட்டும். நேற்று இரவு கல்லறையைத் தோண்டி எடுத்த குப்பியை யார் பதிவு செய்திருக்கப்போகிறார்கள்? அது பட்டியலில் இருக்கவே இருக்காது.

ஆய்வகச் சான்றிதழுக்கும் இதே கதைதான். மண்பாண்டத்துக்குச் செய்வதுபோல வெப்ப ஒளிர்வு முறையில் கண்ணாடியின் வயதைக் கணிக்கும் வசதி நடைமுறையில் இல்லை. வேதியியல் கலவையைப் பார்க்கலாம். நேட்ரான் கண்ணாடியில் பொட்டாசியமும் மக்னீசியமும் குறைவு. 9ஆம் நூற்றாண்டு வாக்கில் கிழக்கு மத்தியத்தரைப் பகுதி தாவரச் சாம்பலுக்கு மாறிய பிறகு அவை கூடின. கலவை பொருந்தவில்லை என்றால் போலி என்று சொல்லிவிடலாம். பொருந்தினால் அசல் என்று உறுதியாகாது, பழைய உடைசலை உருக்கியும் ஊதலாம் இல்லையா. 300 பவுண்டுக் குப்பிக்கு இந்தச் செலவு தேவையில்லை.

எங்கே வாங்குவது

பொது இணையச் சந்தை விலையில் ஜெயிக்கும், மற்ற எல்லாவற்றிலும் தோற்கும். இந்தத் துறையில் பத்துப் பதினைந்து வருடம் பழகியவருக்கு அது வேட்டைக்காடு. புதியவர் அதில் இறங்கவேண்டாம்.

பெரிய ஏல நிறுவனத்தில் நிபுணர் ஒருவர் பொருளைப் பார்த்திருப்பார், முன்னோட்ட நாளில் நீங்களும் கையில் எடுக்கலாம், நிலை அறிக்கை கேட்டால் தருவார்கள். ஆனால் சுத்தியல் விழுந்த விலை இறுதி விலை அல்ல. அதன் மேல் பெரும்பாலும் கால் பங்குக்குக் குறையாத தரகு, வரி, பொதிந்து அனுப்பும் செலவு எல்லாம் சேரும். 1,000 பவுண்டு உங்கள் எல்லை என்றால் 700ஐத் தாண்டி விரலை உயர்த்தாதீர்கள். தனித்தனியாக விற்கமுடியாத தைலக் குப்பிகளை நான்கைந்தாகச் சேர்த்து ஒரே எண்ணில் போடுவார்கள். அதில் சில நேரம் நல்ல யோகம் அடிக்கும்.

தொல்பொருள் வணிகர் சங்க உறுப்பினரான கடைக்காரரிடம் விலை கூடுதல்தான். பதிலுக்கு, அசல் அல்ல என்று பிற்பாடு தெரியவந்தால் பணம் திருப்பித் தருவதாக எழுத்தில் வாங்கலாம். முதல் குப்பிக்கு இதுவே என் தேர்வு.

ஜெருசலேமில் உரிமம் பெற்ற கடைகளும் உண்டு. மத்திய கிழக்கில் தொல்பொருள் வணிகத்தை உரிமத்தோடு அனுமதிக்கும் மிகச் சில நாடுகளில் இஸ்ரேல் ஒன்று. 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதன் பிறகு தோண்டி எடுப்பதெல்லாம் அரசுக்குச் சொந்தம். நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகத் தொல்பொருள் ஆணையத்தின் அனுமதித் தாள் வேண்டும். கடைக்காரர் அதை வாங்கித் தருவார். அந்தத் தாள் இல்லாமல் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அங்கேயே கும்பிடு போட்டுவிடுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவர்களுக்கு 2025 ஜூன் 28 முதல் இன்னொரு கட்டுப்பாடு. ஒன்றியத்துக்கு வெளியே தோன்றிய, 250 ஆண்டைத் தாண்டிய அகழ்பொருளை உள்ளே கொண்டுவர இறக்குமதி உரிமம் வேண்டும், விலை எவ்வளவாக இருந்தாலும். பாரிஸிலோ பெர்லினிலோ இருப்பவர் லண்டனில் ஏலம் எடுக்கும் முன் இதை யோசிக்கவேண்டும். ஒன்றியத்துக்குள்ளேயே ஏற்கெனவே இருக்கும் குப்பியை வாங்குவது அவர்களுக்குச் சுலபம்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு: 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் 100 ஆண்டைக் கடந்தவற்றைத் தொல்பொருளாகப் பார்க்கிறது. தனியார் தொல்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. எனவே விலைகொடுத்து வரவழைக்கும் முன் சுங்க விஷயமும் பதிவு விஷயமும் தெரிந்த ஒருவரிடம் பேசிவிட்டு, உள்ளே வந்த தாள்கள் அத்தனையையும் பத்திரப்படுத்துங்கள். அப்புறம், அரிக்கமேட்டில் கிடைத்த ரோமானியக் குப்பி என்று யாராவது இங்கேயே காட்டினால் விலை கேட்கக்கூட நிற்கவேண்டாம். அரிக்கமேட்டு அகழாய்வுகளில் ரோமானியக் கண்ணாடி கிடைத்தது உண்மை, விலா எலும்புபோல வரிவைத்த கிண்ணங்களின் உடைசல்கள் முதலியவை. முழுக் குப்பி ஒருவர் பையில் இருந்தால் ஒன்று போலி, இல்லாவிட்டால் குற்றம்.

புதிதாக ஊதியது

பழையதே வேண்டுமா என்ற கேள்வியையும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். ரோமானிய முறையில், ரோமானிய வடிவில் இன்றும் ஊதுகிறவர்கள் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் இருக்கிறார்கள். 50, 100 பவுண்டுக்குக் கோப்பை கிடைக்கும். அதில் தண்ணீர் ஊற்றிக் குடிக்கலாம், பிள்ளைகள் கையில் கொடுக்கலாம். அன்று ஒரு ரோமானியர் பார்த்த பளபளப்பை நீங்களும் அப்படியே பார்க்கலாம். பழைய குப்பியில் கிடைக்காத அனுபவம் இது. பள்ளிக்கூடத்துக்கோ வகுப்புக்கோ என்றால் இரண்டாவது யோசனையே வேண்டாம், இதுதான்.

வீட்டு அலமாரிக்கு என்றால் என் முடிவு: நம்பகமான கடைக்காரரிடம், தேதியிட்ட தாளோடு, 500, 600 பவுண்டுக்குள் வரும் எளிய இரட்டை மைக்குழாய். தாளோடு அது கிடைக்கவில்லை என்றால் தாள் உள்ள தைலக் குப்பிக்கு இறங்கிவருவேனே தவிர, தாள் இல்லாத மைக்குழாய்க்குப் போகமாட்டேன். பெரிய பொருளில்தான் மனம் நிற்கிறது என்பவர் அசல் கைப்பிடி உள்ள ஒட்டுக் கூஜாவைத் தேடலாம். பேரீச்சம்பழக் குப்பி இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வாங்கவேண்டிய பொருள், கண் பழகிய பிறகு. வானவில் குடுவையை யாராவது பரிசாகத் தந்தால் வாங்கிக்கொள்வேன், அதுவும் தாளோடு தந்தால்.

மிச்சக் காசில் மூடிய கண்ணாடிப் பெட்டி ஒன்றும், உள்ளே ஈரத்தைச் சமப்படுத்த சிலிக்கா ஜெல்லும், ஓர் ஈரப்பதமானியும் வாங்கிவிடுங்கள். 40, 45 சதவீதத்தில் ஏறாமல் இறங்காமல் நின்றால் போதும். குளிர்சாதனக் காற்று நேராகப் படும் இடமும், கதவை அறைந்தால் அதிரும் சுவரும் வேண்டாம். குப்பியைக் கழுவவோ எண்ணெய் தடவவோ கூடாது, எடுக்கும்போது கழுத்தைப் பிடிக்காமல் அடியில் கைகொடுத்து எடுக்கவேண்டும். ரசீதையும் பழைய தாள்களையும் படமெடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள், அசலைக் குப்பி இருக்கும் பெட்டியில் வைக்காதீர்கள்.